முப்பத்தேழு நாள்

நசருல்லா பேரம் பேசாமல் வாங்கியவை இந்த உலகத்தில் இரண்டே என்பார்கள். ஒன்று அவர் மனைவி சுக்ரா, இன்னொன்று டோலி என்கிற நாய். சுக்ராவைச் சேர்த்துச் சொல்பவர்களுக்கு விவரம் போதாது. சீரில் வந்த பீரோவுக்குக் கண்ணாடிக் கதவு உண்டா இல்லையா என்று இரண்டு வீட்டாரும் காவேரிப்பட்டினத்தில் ஒரு பகல் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். டோலி விஷயம் மட்டும் உண்மை. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஆடு ஏற்றிவந்த அவர் வண்டி வரிசையில் நின்றபோது, பக்கத்து லாரிக்கு அடியில் கிடந்த குட்டி ஒன்று தானாக எழுந்து வந்து வண்டியில் முன்னங்காலை வைத்தது. கொடுப்பவனும் இல்லை, கேட்பவனும் இல்லை. பேச ஆளில்லாத சரக்கு என்பதால் நசருல்லா அப்படியே எடுத்துக்கொண்டார். டோல்கேட்டில் கிடைத்ததால் டோலி. பெயருக்குத் தக்கபடி, அதைத் தாண்டி அவருடைய ஆட்டுப்பட்டிக்குள் ஒருவரும் சும்மா போய்விட முடியாது.

பட்டியும் வீடும் இருப்பது கெலவரப்பள்ளி அணை வாய்க்காலை ஒட்டி. ஒரு பக்கம் ராகிக் கொல்லை, ஒரு பக்கம் ரோஜாப்பூ வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரம், பின்னால் ஏதோ ஒரு கம்பெனியின் முடிவில்லாத சுவர். மத்தூர்ப் பக்கத்துச் சந்தைகளில் கிடாய் பிடித்து வந்து, பதினைந்து இருபது நாள் தீனி போட்டு எடை ஏற்றி, அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர்க் கறிக்கடைகளுக்கு அனுப்புவது நசருல்லாவின் தொழில். கிடாய் மட்டும்தான். பெட்டையைத் தொடமாட்டார். சினை, ஈற்று, பால் என்று இழுத்துக்கொண்டே போகிற சரக்கு அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு ஒத்துவருவதில்லை. வருகிற ஆடு வந்த மாதம் போய்விட வேண்டும். அந்தப் பட்டியில் ஓர் ஆட்டுக்குட்டி பிறந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவருக்கு ஒரே மகள், ஃபிசா. டிப்ளமோ முடித்துவிட்டு, போனுக்குள் போகிற ஏதோ ஒரு துண்டைப் பொருத்துகிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்தேகாலுக்கு சர்வீஸ் ரோட்டுக்கு வரும். வீட்டிலிருந்து அங்கே வாய்க்கால் கரையோடு ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் ஒரு சிறுபாலம். அதன்மேல் ராத்திரி குடித்தவர்களில் சிலர் விடியும்வரை எழுந்திருக்கமாட்டார்கள்; அதன்கீழ் ஏழெட்டுத் தெருநாய்கள். நசருல்லா வாரத்தில் நான்கு நாள் மூன்று மணிக்கே ஆடு ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சுக்ராவுக்கு இரண்டு முழங்காலும் சண்டை போட்டுக்கொண்டு நிற்பவை. வேலைக்குப் போகிறேன் என்று ஃபிசா கேட்டபோது ஆறு நாள் பேச்சு நடந்து, ஒரு முடிவுக்கு வந்தது.

"டோலி கூட வந்தா போ," என்றார் நசருல்லா. "அது இல்லாத அன்னிக்கி வேலையும் இல்ல. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறன் அத்தா."

இரண்டு வருஷமாக அந்த ஒப்பந்தம் நடந்தது. டோலி பத்தடி முன்னால் நடக்கும். பாலத்தில் நின்று ஒரு பார்வை பார்க்கும். கீழே இருக்கிற ஏழெட்டும் வேறெங்கோ வேலை இருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பஸ் கதவு மூடுகிறவரை இருந்துவிட்டுத் திரும்பும்.

போன பங்குனியில் டோலி ஐந்து குட்டி போட்டது. கொழுகொழுவென்று இருந்த குட்டிகள் மூன்றாவது வாரத்தில் ஒவ்வொன்றாக வாடின. ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. கருப்பாக வெளிக்குப் போனது. ஒரு வாரத்தில் ஐந்தும் தீர்ந்தன. குட்டி புதைத்த இடத்தில் டோலி நாலு நாள் படுத்துக்கிடந்ததால், ஃபிசாவும் நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. இனிமேல் இப்படி நிற்கமாட்டேன் என்று லைன் லீடர் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். அதனால் புரட்டாசி முடிவில் டோலி மறுபடி சினைப்பட்டபோது ஃபிசா அந்தத் தேதியைப் போனில் குறித்துக்கொண்டாள். இருபதாவது நாள் அப்பாவையும் நாயையும் ஆட்டு வண்டியில் ஏற்றி அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் பிரவீனா நாமக்கல் பக்கத்துப் பெண். வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆட்டுக்காரர்கள், மாட்டுக்காரர்கள் எல்லோரையும் தெரியும். டோலியின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போன ஈத்துல குட்டிங்க எத்தன நாள்ல செத்துதுங்க?"

"பதினெட்டாம் நாளு ஆரம்பிச்சுது மேடம்," என்றாள் ஃபிசா. "ஈறெல்லாம் வெளுத்துப்போச்சு."

"புழுங்க. தாயோட சதைக்குள்ள தூங்கிட்டு இருக்கும், நாய் சினையானா முழிச்சுக்கும். ஒரு ஜாதிப்புழு வயித்துக்குள்ளயே குட்டிக்குப் போயிரும். கொக்கிப்புழு பால்ல போகும். குட்டிக்கு இருக்கறதே கையளவு ரத்தம். அதையும் குடிச்சா என்னங்க மிஞ்சும்?"

மருந்தக உதவியாளர் ஆஞ்சப்பன் டோலியின் வாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, முன்னங்காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். கொசு கடித்துப் பரவுகிற இதயப்புழு என்று ஒன்று உண்டு, வாய்க்கால் ஓரத்து நாய் என்பதால் பார்த்துவிட வேண்டும், அது உள்ளே இருக்கும்போது தெரியாமல் மருந்து கொடுத்தால் மருந்தே நாயைக் கவிழ்த்துவிடும் என்றார். கால் மணி நேரத்தில், இல்லை என்று வந்தது.

"இதயப்புழு வராம இருக்க, மாசத்துக்கு ஒண்ணு, சினை நாய்க்கு ஒத்துக்கற மாத்திரையா எடை பாத்து நானே தரேன். குடல்புழுவுக்கு இந்தச் சீட்டு. ஓசூர் மெடிக்கல்ல நாய்க்குன்னு கேட்டு வாங்குங்க. இப்ப வேண்டாம். நாப்பதாவது நாள் ஆரம்பிங்க. தெனமும் சோத்துல. குட்டி போட்டுப் பதினாலு நாள் வரைக்கும்."

"நாய்க்கு அறுவத்தி மூணு நாளு," என்று ஆஞ்சப்பன் விரல்விட்டார். "இருவத்திமூணும் பதினாலும். முப்பத்தேழு நாளு பாய்."

நசருல்லாவின் கை தானாகத் தோள்துண்டை இழுத்து ஆஞ்சப்பனின் கையை மூடியது. சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை முடியும். ஆஞ்சப்பன் கையை உருவிக்கொண்டார்.

"யோவ் பாய், இன்னா இது, ஆஸ்பத்திரில."

"பழக்கம்யா." நசருல்லா டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, முப்பத்தேழுங்கறது சொல்ற வெலை. முடியற வெலை சொல்லுங்க."

"முப்பத்தேழுதானுங்க முடியற வெலை."

"இருவது."

"அத்தா," என்றாள் ஃபிசா.

"நீ இரு. இருவத்தஞ்சு. மருந்தக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுத்துட்டு நாளக் கொறச்சிக்கலாம். ஆட்டுக்கெல்லாம் ஒரே ஊத்து, முடிஞ்சிரும்."

"கூட்டிக் குடுத்தா நாள் கொறையாதுங்க பாய், நாய்தான் கொறையும்." பிரவீனா சிரித்துக்கொண்டே சொன்னாலும் பேனாவை மூடிவிட்டார். "வீட்டுல ஆட்டுக்கு வெச்சிருக்கற எதையும் இதுக்கு ஊத்திராதீங்க. வாய் மருந்தும் சரி, ஊசியும் சரி. சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணுங்க."

இலவச மருந்தகத்தில் காசு பேச வழியில்லை. நாளையாவது குறைக்கலாம் என்றால் அதுவும் இறங்கவில்லை. நசருல்லாவுக்கு அது உறுத்தியது. இறங்காத விலை என்றால் சரக்கில் ஏதோ மறைக்கிறார்கள் என்பது அவர் மூன்று தலைமுறையாகக் கற்ற பாடம். பக்கத்துக் கடைச் சரக்கை வாங்காதே என்று எல்லாக் கடைக்காரனும்தான் சொல்வான்.

அடுத்த நாள் விடிந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஓசூர் ஐப்பசித் தூறல் நனைக்காது. ஈரச்சாக்கை மேலே போட்டதுபோலக் குளிரை மட்டும் போர்த்திவிட்டுப் போகும். ஃபிசா ஷிப்டுக்குப் போயிருந்தாள். டோலி திரும்பி வந்து உடம்பை உதறிவிட்டுத் தீனித் தொட்டி ஓரம் படுத்திருந்தது. நசருல்லா புதிதாக வந்த இருபத்திரண்டு கிடாய்களுக்குக் குடல்புழுவுக்கான வெள்ளை மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கிடாயைத் தொடைக்கிடையில் இடுக்கி, தாடையைத் தூக்கி, கடைவாயில் ஊசியில்லாத சிரிஞ்சைச் சொருகி ஓர் அழுத்து. விட்டால் அது தலையை ஆட்டித் தும்மிக்கொண்டு ஓடும். லிட்டர் கேன். ஆடு வந்ததும் முதல் ஊத்து, பதினைந்தாம் நாள் மறு ஊத்து. அதற்குப் பின் கிடாய் தின்கிற தீனி கிடாய்க்கே சேரும். இந்தக் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

இருபத்திரண்டும் முடிந்தது. கேனில் மிச்சம் இருந்தது. டோலியைக் கூப்பிட்டார். எசமான் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்கிற பழக்கம் அதற்கில்லை. வந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது.

கொல்லைக் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சுக்ரா நிமிர்ந்தாள்.

"ஏங்க, அதுக்கு ஏன் ஊத்தறீங்க? டாக்டரு வேணாம்னாங்கன்னு புள்ள சொல்லுச்சே."

"டாக்டரம்மா நாப்பதாம் நாளுதான் கட தெறக்கறாங்க. நம்ம கட இன்னிக்கே தெறந்துகீது."

"சினையா இருக்குதுங்க."

"சினைன்னா புழு நோம்பு இருக்குமா? ஆட்டுக் கொடலு, நாய்க் கொடலு, எல்லாம் கொடலுதான். முப்பத்தேழு நாளு தெனமும் மாத்திர தூக்கிக்கினு அலையணும்னா சொல்றாங்க. நான் மூணு நாளு ஊத்தறன், பாஞ்சு நாளு கழிச்சி மூணு நாளு ஊத்தறன். ஆறுல முடிஞ்சிது." குரலைத் தாழ்த்தினார். "ஃபிசாகிட்ட சொல்லாத. குட்டிங்க நல்லா எழுந்து ஓடட்டும். அப்பறம் நானே சொல்றன், உங்க முப்பத்தேழ உங்கத்தா ஆறுல முடிச்சிட்டான்னு."

அவர் மகளுக்குக் கொடுக்க நினைத்த பரிசு அதுதான். வளையலோ சுடிதாரோ வாங்கிக்கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர். ஒரு நல்ல விலை முடித்துக் காட்டுவதைவிட மேலான பிரியம் அவருக்குத் தெரியாது. நாய் கிடாயைவிட முக்கியம் என்பதால், அளவையும் கிடாயைவிடக் கொஞ்சம் கூட்டியே ஊற்றினார்.

டோலி முதல் மூன்று நாள் ஊற்றியதைத் தாங்கிக்கொண்டது. ஒருநாள் களி தின்னவில்லை, மறுநாள் தின்றது. முப்பத்தாறாவது நாளிலிருந்து மறுபடி மூன்று நாள் ஊற்றினார். நாற்பதாவது நாள், இது எதுவும் தெரியாத ஃபிசா, ஓசூரில் வாங்கி வைத்திருந்த மாத்திரையை டாக்டர் சொன்ன அளவுக்கு உடைத்து, ராகிக் களியில் ஆட்டுக்கால் சாற்றோடு பிசைந்து வைத்தாள். தினமும் வைத்துவிட்டுப் போனில் ஒரு டிக் போட்டாள். நசருல்லா அதைப் பார்த்துத் தாடிக்குள் சிரித்துக்கொண்டார். ஏற்கெனவே முடிந்த வியாபாரத்துக்குப் பிள்ளை தனியாக விலை பேசுகிறது.

நாற்பத்தைந்தாவது நாள் பாலத்தில் டோலி உட்கார்ந்துவிட்டது. ஃபிசா கூப்பிட்டபோது எழுந்து நாலடி வந்து மறுபடி உட்கார்ந்தது. மூக்கு அனலாக இருந்தது. அன்று அவள் பஸ்ஸை விட்டுவிட்டு, இருபது கிலோ நாயைப் பாதித் தூரம் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். வெளிச்சத்தில் பார்த்தால் அடிவயிற்றில் மருதாணி வைத்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள்.

மருந்தகத்தில் புள்ளிகளைப் பார்த்ததும் பிரவீனாவின் முகம் மாறியது. ரத்தம் எடுத்து ஓசூர் லேபுக்கு அனுப்பினார். மாலையில் வந்த தாளை இரண்டு தடவை படித்தார்.

"வெள்ளை அணுவே இல்லைங்க பாய். எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதே நின்னு போன மாதிரி இருக்கு. உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். இல்ல ஏதாச்சும் மருந்து உள்ள போயிருக்கணும். இந்த மாத்திரையத் தவிர வேற எதாவது குடுத்தீங்களா?"

"நான் மாத்திர மட்டும்தான் மேடம் குடுத்தன்," என்றாள் ஃபிசா. "ஒடைச்சதுல அளவு தப்பாப் போயிருக்குமா?"

பிரவீனா அவளைப் பார்க்காமல் நசருல்லாவைப் பார்த்தார். "பாய், நீங்க?"

வாங்கின விலையை மட்டும் வெளியே சொல்லாதே என்று வளர்ந்த நாக்கு அது. பெங்களூர்க் கடைக்காரன் எத்தனை குடைந்தாலும், பெற்ற அப்பாவே வந்து கேட்டாலும் சொல்லாது. மகள் பக்கத்தில் நின்றாள். இருபத்திரண்டு கிடாயும் அதே மருந்தைக் குடித்துவிட்டு நன்றாகத்தானே எடை ஏறின என்ற நினைப்பும் வந்து நின்றது.

"ஒண்ணும் குடுக்கல," என்றார்.

"அப்ப தெரியல," என்றார் பிரவீனா. "மாத்திரைய நிறுத்துங்க. ரொம்ப அபூர்வமா சில நாய்க்கு ஒத்துக்காமப் போகலாம். உண்ணிக் காய்ச்சலுக்கே பாக்கறேன்."

ஃபிசா போனை எடுத்து, ஐந்து டிக்குகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த இரண்டு வாரம் ஃபிசா யாரிடமோ கெஞ்சி ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். அதற்கு எட்டு மணிக்குப் பஸ், வழியெல்லாம் ஆள் நடமாட்டம். டோலி தீனிக் கொட்டகையிலேயே கிடந்தது. வயிறு மட்டும் பெருத்தது, மற்றதெல்லாம் வற்றியது. கார்த்திகைப் பனி மதியம் வரை கலையாமல் ராகிக் கொல்லைமேல் படுத்திருந்தது. நசருல்லா கசாப்பில் வாங்கிவந்த ஈரலை அவித்து நறுக்கிக் கொண்டுபோய் வைப்பார். டோலி அவர் கையை மோந்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொள்ளும். அவர் கை என்றால் வாயைத் திறக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. ஒன்றும் தின்னாமல் வாயைத் திறந்து காட்டும். அவர் எழுந்து போய்விடுவார்.

ஐம்பத்தொன்பதாவது நாள் மதியம் வலி கண்டது. ஃபிசா கம்பெனியில் இருந்தாள். நாய் நாக்குப்பட்ட பாத்திரத்தை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவுகிற சுக்ரா, டோலிக்குச் சோற்றைக் குச்சியால் தள்ளிவிட்டே பழகியவள், அன்று முட்டியை மடக்கமுடியாமல் மடக்கி உட்கார்ந்து டோலியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் மூன்று குட்டியும் அசையவில்லை. ஒன்றுக்குப் பின்னங்கால்கள் திருகியிருந்தன. நான்காவது ஊளைபோல ஒரு சத்தம் கொடுத்தது. சுக்ரா அதைத் துணியில் துடைத்து முலையில் வைத்தாள். அது சப்பியது, பால் மூக்கு வழியாக வந்தது.

பிரவீனா ஆஞ்சப்பனோடு வந்து குட்டியின் வாயை விரலால் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மேலண்ணம் நடுவில் பிளந்து கிடந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பாய். குட்டிக்கு அண்ணம் கூடறது முப்பத்தஞ்சு நாளைக்குள்ளாற. உங்க பொண்ணு மாத்திரை ஆரம்பிச்சது நாப்பதுல. அதுக்கு முன்னாடி என்னங்க குடுத்தீங்க?"

நசருல்லா ஆடுகளைப் பார்த்தார். ஆஞ்சப்பன் கொட்டகை மூங்கிலில் மாட்டியிருந்த வெள்ளை மருந்துக் கேனைப் பார்த்தார்.

"எத்தன தடவ பாய்?" என்றார் ஆஞ்சப்பன்.

"ஆறு."

"தேவுடா."

"சினை ஆட்டுக்கே இத ஆரம்ப மாசத்துல ஊத்தக்கூடாதுங்க," என்றார் பிரவீனா. குரலில் கோபம்கூட இல்லை; களைப்பு இருந்தது. "அதுகூடவா தெரியாது?"

"என் பட்டில சினை ஆடு இருந்ததே இல்ல டாக்டரம்மா."

பிரவீனா குட்டியை மறுபடி டோலியின் பக்கத்தில் வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா வேற வைத்தியம் பாத்திருப்பேன். பொழைச்சிருக்கும்னு சொல்லலைங்க. பாத்திருப்பேன். உங்க பொண்ணு என்னை ரெண்டு தடவை போன்ல கூப்பிட்டு, என் மாத்திரைதான் காரணமான்னு கேட்டுச்சு. தெரியலைன்னேன். இப்பத் தெரியும். ஆனா நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும்."

"சொல்றன். ரெண்டு நாளு டைம் குடுங்க."

இதற்கும் அவர் பேரம் பேசுகிறார் என்பதைக் கவனித்தும் கவனிக்காததுபோலப் பிரவீனா டிரிப் பாட்டிலை மூங்கிலில் மாட்டப் போனார்.

அந்த ஒற்றைக் குட்டியை ஃபிசாவும் சுக்ராவும் சொட்டு மருந்துக் குழாயில் பால் விட்டுப் பார்த்தார்கள். விட்ட பாலில் பாதி மூச்சுக்குழாய்க்குள் போனது. மறுநாள் மதியம் ஃபிசாவின் துப்பட்டாவுக்குள் அது குளிர்ந்துவிட்டது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் ஈற்றுப்புண் ஆறவில்லை. மூன்றாம் நாள் காலை, ஆட்டுக்குத் தழை வெட்டப் போன நசருல்லா திரும்பி வந்தபோது டோலி வாயை லேசாகத் திறந்தபடி கிடந்தது. தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஷிப்டு மாற்றிக்கொண்ட கெடு முடிந்தது. மறுபடி ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஃபிசா போகவில்லை. முதல் நாள் தலைவலி என்றாள். இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"நான் இனிமேட்டு போகல அத்தா. டோலி இல்லன்னா வேல இல்லன்னு ஒத்துக்கினேன்ல."

"அது அன்னிக்கிப் பேச்சு," என்றார் நசருல்லா.

"பேச்சு பேச்சுதான். நானா இஸ்துக்கினு போய் டாக்டருகிட்ட காட்டி, நானா மாத்திர வாங்கி, என் கையாலயே குடுத்து..." மீதியைக் குழம்பில் பிசைந்து விழுங்கினாள். "கொல்லணும்னே தேதி போட்டுக் கொன்ன மாதிரி இருக்குது."

சுக்ரா கணவனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

நசருல்லாவுக்கு லாபம் தெரியும். அது இப்போது அவர் வாசலில் தானாக வந்து முன்னங்காலை வைத்துக்கொண்டு நின்றது. மகள் வேலைக்குப் போவதில் அவருக்கு ஒருநாளும் மனசில்லை. காவேரிப்பட்டினத்தில் ஒரு சம்பந்தம் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை அதீபுக்குச் சொந்தமாக மாம்பழ மண்டி. அவள்தான் பிடிகொடுக்கவில்லை. இப்போது அவளே வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நாளில் அதற்கும் தலையாட்டிவிடுவாள், ஆட்டுகிற நிலையில்தான் இருக்கிறாள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். டாக்டரிடம் வாங்கிய இரண்டு நாள், ஏழு நாளாகிவிட்டிருந்தது.

அன்றைக்கு சுக்ரா கொல்லையில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடுங்க."

"சொன்னா நாய் திரும்பி வருமா?"

"நாய் வராது. புள்ள வரும். ராத்திரி தூக்கத்துல கைய மோந்து பாத்துக்குதுங்க, மருந்து வாசன போச்சான்னு."

"சொன்னா என் மூஞ்சில முழிக்காது சுக்ரா."

"முழிக்காதுதான்," என்றாள் சுக்ரா. அதில் குறைத்துக்கொள்ள அவளிடம் ஒன்றுமில்லை. "நானும்தான் பாத்துக்கினு சும்மா இருந்தன். என்னயும் சேத்தே சொல்லுங்க."

மறுநாளோடு கம்பெனி கொடுத்த கெடு முடிகிறது. வராவிட்டால் பேரை எடுத்துவிடுவதாக லைன் லீடர் போனில் சொன்னது அடுக்களை வரை கேட்டது. "எடுத்துக்கங்க," என்று ஃபிசா பதில் சொன்னதும் கேட்டது.

விடிகாலை நாலரைக்கு நசருல்லா ஆடு ஏற்றப் போகாமல் வீட்டில் இருந்தார். பெங்களூர்க் கடைக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை. பழக்கத்தில் விழித்துவிட்ட ஃபிசா அடுப்படியில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் போய் எதிரில் தரையில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இந்தச் சரக்கை அவர் இதற்குமுன் விற்றதில்லை.

"உன் மாத்திரயால சாவல," என்றார்.

ஃபிசா நிமிர்ந்தாள்.

"ஆட்டு மருந்து ஊத்தினேன். வெள்ள மருந்து. டாக்டருகிட்ட போய் வந்த மறுநாளே."

"எத்தன நாளு?"

"மூணு. அப்பறம் பாஞ்சு நாளு கழிச்சி மூணு."

"நான் மாத்திர குடுக்கறதுக்கு முன்னயா?"

"முன்ன. ரெண்டுமே முன்ன."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"குட்டி போட்ட அன்னிக்கித் தெரியும்."

"அம்மாவுக்கு?"

அடுப்படி வாசலில் நின்ற சுக்ரா, "தெரியும்," என்றாள்.

ஃபிசா டீத் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அழுவாள் என்று நசருல்லா எதிர்பார்த்தார். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் பதிலுக்கு ஏதாவது சொல்ல வழி பிறக்கும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரலாம். அவள் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே போய் யூனிஃபார்மோடு வந்தாள். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டினாள்.

"நீ போறதுன்னா போ," என்றார் நசருல்லா எழுந்துகொண்டே. "நான் ஒண்ணும் சொல்லல. தெனமும் நானே வந்து பஸ் ஏத்தி விடறன். ஆடு ஏத்தறதுக்கு ஆள் வெச்சிக்கறன்."

"வேணாம்."

"இன்னிக்கி ஒருநாளு மட்டும்."

"வேணாம் அத்தா. கம்பெனி ஆஸ்டல்ல பெட்டு காலியா இருக்குதுன்னு போன மாசமே சொன்னாங்க. சாயங்காலம் வந்து துணி எடுத்துக்கறன்."

"ஞாயித்துக்கிழமையாச்சும் வருவ இல்ல? வாராவாரம்? மாசத்துல ரெண்டு?"

ஃபிசா செருப்பை மாட்டினாள். சுக்ரா ஓடி வந்து டிபன் டப்பாவை நீட்டினாள். இரண்டு நொடி யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டு, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

பனி மூடியிருந்ததால் வெளிச்சம் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. நசருல்லா பட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே போகலாம்தான், ஆனால் அவள் வேணாம் என்று சொன்ன பிறகு ஒரு கால்கூட எழவில்லை. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாலத்துப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. அப்புறம் எல்லாம் சேர்ந்து குரைத்தன. நடுவில் ஃபிசாவின் குரல், அதட்டலா கூப்பிடுதலா என்று பிரியாமல், ஒருமுறை கேட்டது. அவர் வேலியைத் தாண்டி நாலடி வைத்துவிட்டார். குரைப்பு சட்டென்று அடங்கியது. சர்வீஸ் ரோட்டில் ஒரு கனத்த வண்டி வேகம் குறைந்து, இரைந்து, மறுபடி வேகம் பிடித்துப் போனது. கம்பெனி பஸ் நின்று அவளை ஏற்றிக்கொண்டு போனதா, ஏதோ ஒரு லாரி வேகத்தடையில் ஏறி இறங்கிப் போனதா என்று அங்கே நின்று அவரால் சொல்ல முடியவில்லை.